நவம்பர் மழைக்கும் பசிபிக் கடலுக்கும் என்ன சம்பந்தம்? கண்டுபிடித்துச் சொன்ன கில்பர்ட் வாக்கர் யார்?

டிவியில் வானிலை அறிக்கை வரும்போதெல்லாம் தமிழ்நாடு, புதுச்சேரியோடு சேர்த்து காரைக்கால் என்ற பெயரும் தவறாமல் வரும். இந்திய வானிலை ஆய்வு மையம், அதாங்க ஐஎம்டி, நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் உட்பிரிவுகளில் ஒன்றின் பெயரிலேயே காரைக்கால் இருக்கிறது. ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கலாம். ஆனால் மழை ஏமாற்றினாலும் சரி, ஒரேயடியாகக் கொட்டினாலும் சரி, முதலில் அடி வாங்கும் இடங்களில் காரைக்காலும் ஒன்று.

ஒரு வருஷம் நவம்பரில் சொட்டு மழை இல்லை. அடுத்த வருஷம் அறுவடை நேரத்தில், ஜனவரியில் கொட்டுகிறது. அக்டோபரில் சித்திரை மாதிரி வெயில் அடிக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால் இன்று எல் நினோ, லா நினா என்று பதில் வருகிறது. இந்தப் பதிலின் முதல் பாதியைக் கண்டுபிடித்தவர், வானிலை பற்றி ஒரு பாடம்கூட படிக்காமல் இந்தியாவின் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த ஒரு கணக்கு வாத்தியார். பெயர் கில்பர்ட் வாக்கர்.

பூமராங் வாக்கர்

1868 ஜூன் 14-ம் தேதி இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் பிறந்தவர். அப்பா இன்ஜினியர். பள்ளியில் படிக்கும்போதே சுழலும் பொருட்கள் மீது வாக்கருக்குத் தனி மோகம். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்து, 1889-ல் முதல் மாணவராகத் தேறினார். அந்தக் காலத்தில் அந்தப் பட்டத்துக்கு இருந்த மதிப்பே வேறு.

படிப்பின் பளுவில் உடம்பு கெட்டது. சில குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் கழித்தார். அங்கே ஐஸ் ஸ்கேட்டிங்கில் பைத்தியமானார். எறிந்தால் திரும்பி வரும் பூமராங் எப்படித் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு 1897-ல் கட்டுரையே எழுதினார். கேம்பிரிட்ஜில் அவருக்கு ஒட்டிக்கொண்ட செல்லப் பெயரும் அதுதான். புல்லாங்குழலின் வடிவத்தை மேம்படுத்துவது, பறவைகள் இறக்கையை அசைக்காமல் எப்படி மிதக்கின்றன என்று பார்ப்பது என்று அவருடைய ஆர்வங்கள் எங்கெங்கோ போயின. வானிலை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்படிப்பட்டவரை எதற்காக இந்தியாவுக்கு அழைத்தார்கள்?

தாது வருஷம் கற்றுக்கொடுத்த பாடம்

காரணம் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றன. மழை பொய்த்தது, பல லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். தானியம் இருந்தும் ஏற்றுமதி தொடர்ந்தது, நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டப்பட்டது என்பதெல்லாம் வேறு கதை. பழியை மழை மீது மட்டும் போட்டுவிட முடியாது. இருந்தாலும், பருவமழை வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஆங்கிலேய அரசுக்கு வந்தது.

1875-ல் தொடங்கிய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இமயமலையில் பனி அதிகமாக விழுந்தால் பருவமழை குறையும் என்று ஒரு தொடர்பைச் சொன்னார். 1886-ல் பருவமழைக்கான முன்னறிவிப்பும் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் இன்னும் பல விவரங்களைச் சேர்த்து, பக்கம் பக்கமாக அறிக்கை எழுதினார். 1899-ல் பெரிய வறட்சி வந்தது. எலியட்டின் அறிக்கை அதைச் சொல்லவில்லை. விமர்சனம் குவிந்தது.

ஓய்வுபெறப் போன எலியட் எடுத்த முடிவுதான் ஆச்சரியம். வானிலையாளர் ஒருவரைத் தேடாமல், கணக்கில் கெட்டிக்காரரைத் தேடினார். 1904-ல் வாக்கர் பொறுப்பேற்றார். அலுவலகம் சிம்லாவில்.

குமாஸ்தாக்களே கம்ப்யூட்டர்

பொறுப்பேற்ற வாக்கருக்கு ஒன்று உடனே புரிந்தது. பருவமழை எப்படி உருவாகிறது என்று இயற்பியல் சூத்திரங்களால் விளக்கும் அளவுக்கு அன்றைக்கு யாரிடமும் அறிவு இல்லை. மேல் காற்றைப் பற்றிய தகவல் ரொம்பக் கம்மி. கடல் வெப்பநிலைத் தகவலும் அப்படித்தான். அதனால் வேறு வழியில் போனார். காரணம் தெரியாவிட்டால் பரவாயில்லை, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம் என்பதுதான் அந்த வழி.

உலகம் முழுவதும் இருந்த நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவு, நைல் நதியின் வெள்ளம், சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாத வாரியாக, பருவ வாரியாக வரவழைத்தார். ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு எண்ணாகக் கணக்கிட வேண்டும். இன்று லேப்டாப்பில் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற வேலை. அன்று அலுவலகத்தின் இந்தியக் குமாஸ்தாக்கள் காகிதத்தில் கையால் போட்டார்கள், வருஷக்கணக்கில். வாக்கரின் பெயரில் இருக்கும் கண்டுபிடிப்பில் அந்தப் பெயர் தெரியாத விரல்களின் உழைப்பு நிறைய உண்டு.

இங்கே ஒரு ஆபத்தும் இருந்தது. ஆயிரம் ஜோடிகளை ஒப்பிட்டால் சிலது தற்செயலாகவே பொருந்திப்போகும். ஊரில் காகம் கத்தியதும் விருந்தாளி வருவதும் பத்து முறை பொருந்தியது என்பதைப் போல. அப்படித் தற்செயலாக வரும் பொருத்தத்தை எப்படிச் சலித்தெடுப்பது என்பதற்கும் வாக்கரே ஒரு சோதனை வகுத்தார். சூரியப் புள்ளிகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அப்போது பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்த எண்கள் அதற்கு ஆதரவு தரவில்லை.

சலித்தபின் மிஞ்சியவற்றில் ஒன்று பிரம்மாண்டமானது. பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் கூடினால், ஆஸ்திரேலியாவின் டார்வின் முதல் இந்தியப் பெருங்கடல் வரை காற்றழுத்தம் குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது. குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி, ஆனால் பாதி உலகத்து நீளத்தில். இந்தப் பக்கம் அழுத்தம் கூடிய வருஷங்களில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பலவீனமாக இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளில் இதற்குத் 'தெற்கத்திய அலைவு' என்று பெயர் வைத்தார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதே போன்ற இரண்டு சின்ன ஊஞ்சல்களையும் அடையாளம் காட்டினார்.

நடுவில் ஒரு சென்னைப் பயணம்

1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டுகள் அவரிடம் காட்டப்பட்டன. கும்பகோணத்தில் வளர்ந்த அந்த இளைஞரின் பெயர் சீனிவாச ராமானுஜன்.

தூய கணிதம் வாக்கரின் துறை அல்ல. அதை ஒப்புக்கொண்டே, இவர் சில வருஷங்களாவது வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்கில் மூழ்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ஹார்டியின் கடிதமும் அதே மாதம் இங்கிலாந்திலிருந்து வந்தது. பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த வருஷம் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

அந்தக் கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வரும் அரசலாறு, கடலில் கலப்பது காரைக்காலில். வாக்கர் காலத்தில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 வரை அப்படித்தான்.

சரி, காரைக்காலுக்கு இதில் என்ன?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வாக்கர் தேடியது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையை. இந்தியாவின் பெரும்பகுதிக்கு அதுதான் மழைக்காலம். காரைக்காலுக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் தென்மேற்குப் பருவமழையும் இந்த ஊருக்கு வேண்டும், வேறு வழியாக. குடகு மலையில் பெய்து, மேட்டூரில் தேங்கி, ஜூன் 12-ல் அணை திறந்தால்தான் குறுவைக்குத் தண்ணீர். காவிரியில் புதுச்சேரிக்கு ஒதுக்கப்பட்ட 7 டிஎம்சி காரைக்காலுக்கானது. கடைமடை என்பதால் மேலே எல்லோரும் எடுத்தபின் மிஞ்சி வருவதுதான் வந்து சேரும். ஆக, ஒரே ஊர் இரண்டு பருவமழைகளை நம்பி நிற்கிறது.

இந்த இரண்டும் பசிபிக்கின் பேச்சை எதிர் எதிராகக் கேட்கின்றன. பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருஷத்தில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். அதே வருஷம் அக்டோபருக்குப் பிறகு, வங்கக்கடலின் ஈரத்தோடு வரும் கிழக்குக் காற்று வலுத்து, தமிழகக் கடலோரத்தில் மழை கூடும் வாய்ப்பும் அதிகம். குறுவைக்குத் தண்ணீர் இருக்காது, சம்பா தண்ணீரில் மிதக்கும். 2015 நல்ல உதாரணம். நாட்டின் பல பகுதிகளில் வறட்சி. வருஷக் கடைசியில் சென்னை மூழ்கியது.

அடுத்த வருஷம், 2016-ல், பசிபிக் குளிர்ந்தது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. டெல்டாவில் பயிர் கருகியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த டிசம்பர் தொடக்கத்தில் காரைக்கால் அருகே கரையைக் கடந்த நாடா புயல்கூட வலுவிழந்து, பெரிய மழை தராமல் போனது.

அப்போ லா நினா என்றால் வறட்சி, எல் நினோ என்றால் வெள்ளம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா? கூடாது. 2022-ம் லா நினா வருஷம்தான். அந்த நவம்பரில் காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும், மழையே எதிர்பார்க்காத நேரத்தில் டெல்டாவில் பெய்து, அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்தது. இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயே இன்னொரு ஊஞ்சல் இருப்பதை 1999-ல் ஜப்பானில் பணியாற்றிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மழை மேகக் கூட்டங்கள் பூமத்திய ரேகையை ஒட்டிச் சில வாரங்களுக்கு ஒருமுறை நகர்ந்து போவதும் கணக்கைக் கலைக்கிறது. ஒரே ஒரு தாழ்வு மண்டலம் பாதை மாறினால் ஒரு மாதத்தின் மழைக் கணக்கே தலைகீழாகிவிடும். இதற்கு மேல், பூமி சூடாவது வேறு. 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வெப்பமான ஆண்டு 2024. மிக வெப்பமான அக்டோபரும் அந்த வருஷத்தில்தான்.

பாதிக் கணக்கு

வாக்கர் 1924-ல் ஓய்வுபெற்றார். சர் பட்டம் கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஆண்டுகள் வானிலைப் பேராசிரியராக இருந்தார். ஆனால் அவர் கண்ட தொடர்புகளை எல்லோரும் கொண்டாடவில்லை. காரணத்தைச் சொல்லாத கணக்கு எதற்கு உதவும் என்று கேட்டார்கள். அவர் விட்டுப் போன சூத்திரங்களில் சில, அடுத்த பல ஆண்டுகளில் பலவீனமாகவும் செய்தன. இந்தியாவின் பருவமழையை முன்கூட்டியே சொல்வது என்ற, அவரை வரவழைத்த வேலையில் அவருக்குக் கிடைத்தது அரைகுறை வெற்றிதான். அதை மறைக்கத் தேவையில்லை.

1958 நவம்பர் 4-ம் தேதி, 90 வயதில், இங்கிலாந்தில் இறந்தார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 1957-லிருந்து 1958 வரை பசிபிக்கில் பெரிய எல் நினோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்பதால் உலக நாடுகள் சேர்ந்து அதே நேரத்தில் கடலையும் காற்றையும் அளந்துகொண்டிருந்தன. அந்த அளவுகளை வைத்துத்தான் நார்வேயில் வேர்கொண்ட வானிலையாளர் ஜேக்கப் பியர்க்னஸ் 1960-களில் விடையைச் சொன்னார். பெரு நாட்டு மீனவர்கள் எல் நினோ என்று பெயரிட்ட கடல் சூடும், வாக்கரின் ஊஞ்சலும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். பசிபிக்கின் மேற்கில் மேலெழுந்து கிழக்கில் கீழிறங்கும் காற்றுச் சுழற்சிக்கு 1969-ல் அவர் வைத்த பெயர், வாக்கர் சுழற்சி.

இன்று டார்வினுக்கும் தஹீதி தீவுக்கும் இடையிலான காற்றழுத்த வித்தியாசம் தொடர்ந்து கணக்கிடப்படுகிறது. ஐஎம்டி செப்டம்பர் மாதம் முடியும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பை வெளியிடும்போது பசிபிக்கின் நிலவரமும் அதில் இருக்கும். ஆனால் அந்த எண் தென் தீபகற்பம் முழுமைக்குமானது. ராயலசீமாவும் கேரளமும் அதில் அடக்கம். வழக்கமான மழை என்று அதில் இருந்தால், காரைக்காலில் எந்த வாரம் எத்தனை செ.மீ. பெய்யும் என்று அதற்கு அர்த்தமில்லை. அதற்கு காரைக்காலில் சுற்றிக்கொண்டிருக்கும் டாப்ளர் ரேடாரைத்தான் பார்க்க வேண்டும். மேகம் நெருங்கி வந்தபிறகுதான் ரேடார் காட்டும். சம்பா விதை அதற்கு ரொம்ப முன்னாடியே வயலில் இறங்கியிருக்கும்.