பார்த்தே கற்றவர்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பூஜை அறை லட்சுமி படம் ராஜா ரவிவர்மாவுடையது என்று கல்லூரி நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். எண்ணெய் வர்ண நுட்பத்தைச் சொல்லித்தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். 1868-ல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சனோ, தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். அதுவே போதுமாயிற்று! 1873-ல், பூச்சூடும் நாயர் பெண் ஓவியத்துக்கு நம்ம சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம்.

எண்ணெய் வர்ணம் மெதுவாகக் காயும். அதனால் வெளிச்சத்தையும் நிழலையும் கோடு தெரியாமல் இழைக்கலாம். கன்னம் திரும்புகிற இடத்தைக் கவனியுங்கள்: நிழல்தான் முகத்துக்குத் திரட்சி தருகிறது. போட்டோ மாதிரி உயிர் வருவது அதனால்தான்.

1906-ல் மறைந்தார். தம்பி தங்கைகளே, சொல்லித்தர ஆளில்லையென்று சோராதீர்கள். கண்ணைத் திறந்து பாருங்கள், கை தானாய் வரும்.