அமைச்சரை நீதிமன்றத்தில் வென்ற ஈப்போ தமிழர் டி.ஆர். சீனிவாசகம்

புக்கிட் தெங்கா: பட்டர்வொர்த்தில் ரயிலேறி ஈப்போ போய் வரும் நம் வட்டாரத்துத் தமிழர்கள் பலர், அங்குள்ள டி.ஆர். சீனிவாசகம் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். பெயர் தமிழ்ப் பெயர் என்பது தெரிகிறது. அவர் என்ன செய்தார் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த பெற்றோர் இன்று குறைவு.

டர்மா ராஜா சீனிவாசகம் 1921ஆம் ஆண்டு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து ஈப்போவில் வழக்கறிஞரானார். கையில் காசில்லாதவர்களுக்கும் வழக்காடுபவர் என்ற பெயர் கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது. 1953ஆம் ஆண்டு தம் சகோதரர் எஸ்.பி. சீனிவாசகத்துடன் சேர்ந்து பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். அதுதான் பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி, அதாவது பிபிபி ஆனது.

தொடக்கம் தோல்விதான். சுதந்திரத்துக்கு முன் நடந்த 1955 தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. பிபிபிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால், ஈப்போ மெங்லம்பு உறுப்பினராக இருந்த லியோங் இயூ கோ மலாக்கா ஆளுநராகப் போனதால் 1957 நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. மெர்டேக்கா கிடைத்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். அதில் சீனிவாசகம் வென்றார். 1959லும் 1964லும் ஈப்போ தொகுதி அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது.

அந்தத் தொகுதியில் தமிழர்கள் சிறுபான்மை. அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஈயச் சுரங்கங்களிலும் கடைகளிலும் வேலை செய்தவர்கள், அவசரகாலத்தில் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள். குடியுரிமையும் மொழியும் அவர்களின் பெரிய கவலை. அதை அவர் தம் கவலையாக எடுத்துக்கொண்டார். சீனமும் தமிழும் அதிகாரத்துவ மொழிகளாக வேண்டும் என்று அவர் கட்சி கேட்டது. அதே பேராக் மாநிலத்தில் துன் சம்பந்தன் தலைமையிலான மஇகா கூட்டணி அரசில் இருந்தது. தோட்டத் தமிழர்களில் பலர் அந்தப் பக்கம் நின்றார்கள். தமிழுக்காக எதிர்க்கட்சி வரிசையிலிருந்து குரல் கொடுத்தவர்களில் சீனிவாசகம் ஒருவர்.

அவர் பெயரை நாடு முழுவதும் கொண்டு சென்ற சம்பவம் 1964ஆம் ஆண்டு நடந்தது. கல்வி அமைச்சராகப் பணியாற்றிய அப்துல் ரஹ்மான் தாலிப் ஊழல் செய்தார் என்று அவர் நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார். அவைக்குள் பேசியதற்காக எந்த உறுப்பினர் மீதும் அவதூறு வழக்குப் போட முடியாது. அதனால், அதையே வெளியே சொல்லத் தயாரா என்று சவால் எழுந்தது. சீனிவாசகம் தயங்கவில்லை. அவைக்கு வெளியே, பொதுமக்கள் முன்னிலையில் அதே குற்றச்சாட்டை மீண்டும் சொன்னார்.

அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். தோற்றிருந்தால் சீனிவாசகத்தின் சொத்து, தொழில், அரசியல் எல்லாமே ஆட்டம் கண்டிருக்கும். ஆனால், 1965ஆம் ஆண்டு தோற்றது அமைச்சர்தான். அவர் பதவி விலகினார். மேல்முறையீடும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பதவியில் இருக்கும் அமைச்சரை எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நீதிமன்றத்தில் வெல்ல முடியும் என்பதை அன்றைய மலேசியா நேரில் கண்டது.

1969 மார்ச் 15ஆம் தேதி சீனிவாசகம் காலமானார். ஐம்பதைத் தொடாத வயது. பொதுத்தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மே 10ஆம் தேதி நடந்த வாக்களிப்பில், பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் பிபிபி 12ஐப் பிடித்தது. கூட்டணிக்குக் கிடைத்தது 19 மட்டுமே. பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. அதே நாளில்தான் நம் பினாங்கில் கெராக்கான் 24இல் 16 இடங்களை வென்று ஆட்சியைப் பிடித்தது. தாம் வளர்த்த கட்சியின் மிகப் பெரிய வெற்றியைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. எஸ்.பி. தலைமையேற்ற பிபிபி பின்னர் கூட்டணியுடன் கைகோத்து, தேசிய முன்னணியில் சேர்ந்தது. 1974 தேர்தலில் அதே கிந்தா மக்கள் எஸ்.பி.யைத் தோற்கடித்தார்கள்.

புக்கிட் தெங்காவும் ஒரு சட்டமன்றத் தொகுதிதான். இங்கும் தமிழர்கள் பெரும்பான்மை இல்லை. நாட்டில் எந்தத் தொகுதியிலும் இல்லை. நம் எண்ணிக்கை குறைவு, நம் குரல் எடுபடாது என்று தேநீர்க் கடைகளில் சலித்துக்கொள்கிறோம். அடுத்தவரின் குறையையும் தம் குறையாக ஏற்று, சொன்ன சொல்லுக்குத் தம்மையே பணயம் வைத்த ஒரு தமிழரை ஈப்போ மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த முறை அந்தப் பூங்காவைக் கடக்கும்போது, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.