பொம்மை இரயிலுக்கு டீசல் என்ஜின் தந்த லயனல் கோவன்

கடைச் சன்னலில் விளம்பரத்திற்காக வைத்த ஒரு பொருளையே வாடிக்கையாளர்கள் விலைக்குக் கேட்டதால் உருவானது, அமெரிக்காவின் புகழ்பெற்ற லயனல் பொம்மை இரயில்.

அதன் நிறுவனர் ஜோஷுவா லயனல் கோவன், 1877ஆம் ஆண்டு நியூயார்க்கில் யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. கருவிகளைக் கழற்றி மாட்டுவதில்தான் கவனம். கடற்படைக்கு வெடிகருவிகள் செய்து கொடுத்த பணத்தில், 1900இல் நண்பர் ஹாரி கிராண்டுடன் நிறுவனம் தொடங்கினார்.

பெரிதாக விற்காத தமது சிறு மின்விசிறியின் மோட்டாரை ஒரு மரப்பெட்டி வண்டியில் பொருத்தி, வட்டத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். கடைக்காரர் தம் சரக்கை அதில் வைத்து வேடிக்கை காட்டலாம் என்பதே திட்டம். மக்களோ சரக்கை விட்டுவிட்டு வண்டியைக் கேட்டார்கள்.

1930களின் பொருளாதார மந்தத்தில் நிறுவனம் கடனில் மூழ்கி, 1934இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகத்தின் கீழ் போனது. அவ்வாண்டு ஒரு டாலருக்கு வந்த மிக்கி மவுஸ் கைவண்டி, சுமார் இரண்டரை இலட்சம் விற்றது. அந்தக் கைவண்டியே நிறுவனத்தைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். அது சற்று மிகை. ஒரு டாலர் பொம்மையில் எவ்வளவு இலாபம் கிடைத்துவிடும்? ஆனால் மறு ஆண்டே நிறுவனம் மீண்டது உண்மை.

போருக்குப் பின் அமெரிக்கத் தண்டவாளங்களில் நீராவி என்ஜின்கள் ஒதுங்கி, டீசல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த எஃப்3 என்ஜின் 1,500 குதிரைத்திறன் கொண்டது. சரக்கு வண்டியையும் இழுத்தது, பயணிகள் வண்டியையும் இழுத்தது. 1948இல் லயனல் அதன் மாதிரியைக் கொண்டுவந்தது. நிஜ என்ஜினில் ஏறக்குறைய 48இல் ஒரு பங்கு அளவு. உள்ளே இரண்டு மோட்டார்கள், பேட்டரியில் ஒலிக்கும் ஹாரன். சாண்டா ஃபே இரயில்வேயின் சிவப்பு, வெள்ளி நிறத்தில் வந்த மாதிரிதான் லயனல் என்ஜின்களிலேயே அதிகம் விற்றது.

அச்சு வார்க்கும் செலவில் ஜெனரல் மோட்டார்சும், சாண்டா ஃபே, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய இரு இரயில்வே நிறுவனங்களும் பங்கு கொடுத்தன. தங்கள் பெயர் வீட்டுக் கூடத்தில் ஓடுவதைவிட நல்ல விளம்பரம் அவர்களுக்கு வேறெங்கே கிடைக்கும்? கடைச் சன்னல் யோசனையேதான், இம்முறை பெரிய முதலாளிகள் பணம் கட்டினார்கள்.

1953இல் விற்பனை 3 கோடி டாலரைத் தாண்டியது. அதன்பின் இறக்கம்தான். பிள்ளைகளின் மனம் விமானத்திற்கும் தொலைக்காட்சிக்கும் தாவியது. 1957இல் பெண் பிள்ளைகளுக்கென விட்ட இளஞ்சிவப்பு இரயிலை வாங்க ஆளில்லை. இரயில் என்றால் கறுப்பாகவோ நிஜ இரயிலின் நிறத்திலோ இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் பிள்ளைகளும் நினைத்தார்கள் போலும்! இன்று சேகரிப்பாளர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள்.

1959இல் கோவன் தம் பங்குகளை உறவினரான வழக்கறிஞர் ராய் கோன் தலைமையிலான குழுவிடம் விற்று விலகினார். 1965 செப்டம்பரில், 88ஆம் வயதில், புளோரிடாவில் காலமானார். சாண்டா ஃபே டீசல் என்ஜின் அப்போதும் லயனல் விற்பனையில் இருந்தது.