மயிலைக்கு நடந்து வந்த சவேரியார்

லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து சென்னைக்குத் திருயாத்திரை போகும் நம் பங்குமக்கள் ஒரே நாளில் மூன்று நான்கு கோயில்களைப் பார்த்துவிடலாம். சாந்தோம் பேராலயத்தில் தோமையார் கல்லறை, லஸ்ஸில் பிரகாச மாதா கோயில், பிறகு சின்னமலை, பரங்கிமலை. மாலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் வீடு வந்து சேரலாம். இதே மயிலாப்பூருக்கு, நம் கடலூர்ப் பகுதிக் கடற்கரையைத் தாண்டி, 1545-ஆம் ஆண்டு சித்திரை வெயிலில் ஒரு குருவானவர் கால்நடையாகப் போனார். போனவர் ஒரே நாளில் திரும்பவில்லை. நான்கு மாதம் அங்கே தங்கிவிட்டார். அவரே புனித பிரான்சிஸ் சவேரியார்.

அவர் செய்த புதுமைகளைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மயிலையில் அவர் கழித்த அந்த நான்கு மாதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர் வெற்றி வீரராக அங்கே போகவில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் போனார்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே நவார் என்ற சிறிய அரசில், சவியேர் கோட்டையில், 1506 ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் பிறந்தார். பிரபு குடும்பம்தான், ஆனால் அவர் சிறுவனாக இருக்கும்போதே போரில் நவார் வீழ்ந்தது, தந்தை இறந்தார், கோட்டையின் மதில்களும் இடிக்கப்பட்டன. 1525-இல் படிப்பதற்காகப் பாரிஸ் நகரம் சென்றார். பட்டம் பெற்று, பேராசிரியராகிப் பேரும் புகழும் தேடவேண்டும் என்பதே அப்போது அவருடைய எண்ணம். அவரோடு ஒரே அறையில் தங்க வந்த இஞ்ஞாசியார் அந்த எண்ணத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்தார்.

1534 ஆகஸ்ட் 15, தேவமாதா பரலோகத்துக்கு எழுந்தருளிய திருநாள். பாரிஸின் மோன்மார்த்ரு குன்றில் இருந்த சிறு கோயிலில் இஞ்ஞாசியார், சவேரியார் உள்ளிட்ட ஏழு நண்பர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஏழ்மையிலும் கற்பிலும் வாழ்வது, ஜெருசலேமுக்குத் திருயாத்திரை போவது என்பது அவர்களுடைய வாக்கு. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சவேரியார் கடைசிவரை ஜெருசலேமைப் பார்க்கவில்லை.

பார்க்க முயலாமல் இல்லை. 1537-இல் கப்பல் பிடிப்பதற்காக வெனிஸ் துறைமுகத்துக்கு வந்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தபடி காத்திருந்தார்கள். அவ்வருடத் தவக்காலத்தில் சவேரியாரும் தோழர்களும் பிச்சை எடுத்து உண்டு, உரோமைக்கு நடந்து போனார்கள். இராயப்பரும் சின்னப்பரும் இரத்தம் சிந்திய நகரம் அது. பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அவர்களை ஆசீர்வதித்து, ஜெருசலேம் பயணத்துக்குப் பண உதவியும் செய்தார். ஜூன் 24-ஆம் நாள் சவேரியார் வெனிஸில் குருப்பட்டம் பெற்றார். ஆனால் வெனிஸுக்கும் துருக்கியருக்கும் சண்டை மூண்டதால் கப்பல் ஓடவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு, எங்கே அனுப்பினாலும் போகிறோம் என்று பாப்பரசரிடமே தங்களை ஒப்படைத்தார்கள்.

இந்தியாவுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தவர் வேறொருவர். அவர் நோயில் விழவே, 1540-இல் திடீரென்று சவேரியாரை அனுப்பினார் இஞ்ஞாசியார். 1541-இல், தம் முப்பத்தைந்தாவது பிறந்தநாளன்று லிஸ்பனில் கப்பலேறியவர், பதின்மூன்று மாதம் கழித்து 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கினார்.

முத்துக்குளித்துறையில் அவர் உழைத்தது நமக்கெல்லாம் தெரிந்ததே. இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு மந்திரங்களையும் பத்துக் கற்பனைகளையும் தமிழில் பெயர்த்தார். தாமும் அவற்றை மனப்பாடம் செய்தார். மணி அடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

பிறகுதான் இருள் சூழ்ந்தது. 1544-இல் வடுகர் படை முத்துக்குளித்துறையைச் சூறையாடிற்று. கிறிஸ்தவ மக்கள் கடலிலிருந்த பாறைகளிலும் தீவுகளிலும் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். காப்பாற்ற வேண்டிய போர்த்துக்கீசிய அதிகாரிகளில் சிலர் காசு பார்ப்பதிலேயே குறியாயிருந்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில், மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்லச் செய்தான். துயரத்தில் சவேரியார் அந்த மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்பும்படி கோவாவில் கேட்டுக்கொண்டார். புனிதர் வரலாறு எழுதுகிறவர்கள் இதை மெல்லத் தாண்டிப் போவதுண்டு. தாண்டத் தேவையில்லை என்பது என் எண்ணம். தம் மக்கள் வெட்டுண்டதைக் கேட்டுத் துடித்த தகப்பன் அவர்.

படையெடுப்பைப் பார்க்க 1545-இல் நாகப்பட்டினம் வந்து காத்திருந்தார். படை புறப்படவில்லை. பெகு நாட்டிலிருந்து சரக்கு ஏற்றி வந்த போர்த்துக்கீசிய அரசரின் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தட்டி, சரக்கெல்லாம் சங்கிலியின் கையில் சிக்கிக்கொண்டது. சண்டை போட்டால் சரக்கு போய்விடும்! மன்னாரில் சிந்திய இரத்தத்தைவிட அந்தச் சரக்குக்கு மதிப்பு அதிகமாயிற்று.

இந்த நிலையில்தான் தோமையார் கல்லறைக்குப் போய், தேவ சித்தம் என்னவென்று கேட்பது என்று அவர் முடிவு செய்தார். மார்ச் 29, குருத்து ஞாயிறன்று நாகையில் கப்பலேறினார். எதிர்க்காற்று கப்பலைத் திருப்பிவிட்டது. ஏப்ரல் 7-ஆம் நாள் நாகையிலிருந்தே தம் உடன்ஊழியர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதுகிறார். கடல் விடவில்லை என்றதும் நடக்கத் துணிந்தார்.

ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கொள்ளிடம், வெள்ளாறு, கெடிலம், பெண்ணை, பாலாறு எல்லாவற்றையும் கடக்காமல் நாகையிலிருந்து மயிலைக்கு நடக்க வழியில்லை. கடலூரில் ஆங்கிலேயர் கோட்டையும் கிடையாது, புதுவையில் பிரெஞ்சுக்காரரும் கிடையாது. அவையெல்லாம் நூறு வருடங்களுக்குப் பிந்தியவை. நம் வீராணம் ஏரிக்கு மட்டும் அப்போதே அறுநூறு வயது. கரையோரமாக நடந்தவர் கண்ணில் அது பட்டிருக்காது. (இன்று அந்த ஏரித் தண்ணீரே குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது!)

அன்றைய சாந்தோமில் இப்போது நாம் காணும் வெள்ளைக் கோபுரம் கிடையாது. இந்தப் பேராலயம் 1896-இல் கட்டி முடிந்தது. பசிலிக்கா ஆனது 1956-இல். கல்லறையின் மேல் 1523 வாக்கில் போர்த்துக்கீசியர் எழுப்பிய சிறிய கோயிலே அப்போது இருந்தது. காட்டுக்கோயில் என்று நாம் சொல்லும் பிரகாச மாதா கோயில் 1516 முதல் இருக்கிறது. பரங்கிமலையில் இன்று நாம் வணங்கும் கற்சிலுவை இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அது 1547-இல்தான் கிடைத்தது.

பங்குகுரு கஸ்பார் கொயெல்யோ தம் வீட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு தோட்டம். எல்லாரும் தூங்கியபின் சவேரியார் மெல்ல எழுந்து தோட்டத்தைத் தாண்டிக் கல்லறைக்குப் போய் இரவெல்லாம் செபிப்பார். அங்கே பேய் நடமாடுகிறது என்று பங்குகுரு எச்சரித்தும் கேட்கவில்லை. ஓர் இரவு தேவமாதாவைத் திரும்பத் திரும்ப உதவிக்குக் கூப்பிட்ட அவருடைய குரல் வெளியே கேட்டது. பிசாசு அடித்ததென்று சொல்வார்கள். இரண்டு நாள் படுத்திருந்தார். பிறகு பங்குகுரு அந்தக் கூப்பிட்ட குரலையே சொல்லிக்காட்டிக் கேலி செய்ய, சவேரியார் முகம் சிவந்து சிரித்தாராம். பின்னாளில் இதற்குச் சாட்சி சொன்னவர் அந்தப் பங்குகுருவே.

பகலில் வீடு வீடாகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், பகையாளிகளைச் சமாதானப்படுத்தினார். ஜோவான் தெ எய்ரோ என்ற கப்பல் வியாபாரி மனம் திரும்பி, கப்பலையும் சரக்கையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவர் பின்னே வரத் துணிந்தான். இடையில் மனம் மாறி இரகசியமாக வேறு கப்பல் வாங்கி ஓடப் பார்த்தான். சவேரியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் வெட்கித் திரும்பி வந்தான்.

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. மே 8-ஆம் நாள் மயிலையிலிருந்து கோவாவுக்கு எழுதிய கடிதத்தில், கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதே இறைவனின் விருப்பம் என்று கண்டுகொண்டதாக எழுதுகிறார். அங்கே மக்காசார் பக்கம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் குருக்கள் இல்லை என்று செய்தி வந்திருந்தது. மீதி நாட்களில் கப்பலுக்குக் காத்திருந்து, ஆகஸ்ட் கடைசியில் மலாக்காவுக்குப் புறப்பட்டார். எய்ரோவும் உடன் போனான். பின்பு மொலுக்காத் தீவுகள், 1549-இல் ஜப்பான். ஒவ்வொன்றும் தனி வரலாறு. இங்கே இடம் போதாது.

1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனாவின் வாசலில், சான்சியன் தீவில், ஓலைக் குடிசையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 46. அவர் கழுத்தில் ஒரு சிறு பேழை தொங்கியது. திறந்து பார்த்தால் மூன்று பொருட்கள்: இஞ்ஞாசியாரின் கையெழுத்து, தம் வார்த்தைப்பாட்டை எழுதிய தாள், மயிலையிலிருந்து எடுத்துப்போன தோமையாரின் எலும்புத் துணுக்கு.