சகலாகம பண்டிதர் பெற்ற தெளிவு

சைவ சித்தாந்தப் புறச்சந்தான குரவர் மெய்கண்டதேவர், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என நால்வராவர். இவருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியார் திருத்துறையூரில் ஆதிசைவ மரபில் அவதரித்தவர். நான்காமவராகிய உமாபதியார் தமது சங்கற்ப நிராகரணத்திற் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 என்னும் ஆண்டைக் குறித்தலின், அவருக்கு இரு தலைமுறை முற்பட்ட அருணந்தியாரின் காலம் 13ஆம் நூற்றாண்டு என்பது பெறப்படும்.

சிவாகமங்கள் 28இனையும் ஐயந்திரிபறக் கற்றவராதலின் அவரைச் சகலாகம பண்டிதர் என்றே உலகம் போற்றிற்று. மாணாக்கர் பலர் அவரைச் சூழ்ந்திருந்து பாடங் கேட்டனர். திருப்பெண்ணாகடத்து வாழ்ந்த அச்சுத களப்பாளர் என்னும் வேளாளர்க்கு அவரே குலகுரு.

களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குருவையடைந்து முறையிட்டார். பண்டிதர் தம் கல்வித்திறத்தை நம்பி விடை கூறினாரல்லர். திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டு முக்குளத்து நீராடுவோர் மகப்பேறு முதலிய நலன்களை எய்துவர் எனத் திருஞானசம்பந்தர் அருளிய திருப்பாடல் தோன்றிற்று. அதனைத் தலைமேற்கொண்டு களப்பாளரும் மனைவியாரும் திருவெண்காட்டையடைந்து, முக்குளத்தில் முழுகி வழிபட்டு வந்தனர். ஒரு நாள் இறைவன் கனவில் தோன்றி, இப்பிறவியில் அவர்க்கு மகப்பேறு இல்லை என்றருளினான். களப்பாளர் மனந்தளர்ந்திலர். இப்பிறவியில் இல்லையேனும், ஆளுடைய பிள்ளையார் வாக்கு வரும் பிறவியிலேனும் பயன் தரும் என உறுதி பூண்டார். அவ்வுறுதிக்கு மகிழ்ந்து இறைவன் மகவருளினான் என்பது வரலாறு. குழந்தைக்குச் சுவேதவனப்பெருமாள் எனப் பெயரிட்டனர்.

திருவெண்ணெய்நல்லூரில் மாமனார் மனையில் வளர்ந்த அக்குழந்தைக்குப் பரஞ்சோதி முனிவர் சிவஞானம் உபதேசித்து மெய்கண்டார் என்னும் திருநாமஞ் சூட்டினார். ஞானக் குழந்தையின் புகழ் பரவிற்று. பண்டிதரின் மாணாக்கர் பலர் அங்கே சென்று பாடங் கேட்கலாயினர். தம் திருமுறை வழிபாட்டாற் பிறந்த குழந்தை தம்மை வந்து வணங்காமையும், மாணாக்கர் தம்மை விட்டு நீங்கினமையும் பண்டிதர் உள்ளத்தை உறுத்தின. அவர் தாமே திருவெண்ணெய்நல்லூருக்கு எழுந்தருளினார்.

அவ்வேளை மெய்கண்டார் மாணாக்கர்க்கு ஆணவ மலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தார். ஆகமத்தின் ஞானபாதத்தில் அறிதற்கு மிக அரிய பகுதி இதுவே. மாயை உடலாகவும் உலகாகவும் காணப்படும். கன்மம் இன்ப துன்பங்களாக நுகரப்படும். ஆணவமோ உயிரோடு அநாதியே கலந்து நின்று அறிவை மறைப்பது, தன்னையும் காட்டாதது. இருள் பிற பொருளை மறைப்பினும் தானேனும் புலப்படும். ஆணவம் அவ்வாறும் புலப்படாது. ஆதலின் அதனை ஏட்டிற் கற்றோர் பலராயினும் தம்மிடத்தே கண்டவர் சிலரே.

பண்டிதர் நின்றபடியே ஆணவத்தின் சொரூபம் யாதென வினவினார். மெய்கண்டார் விடையொன்றும் மொழியாது அவரை அடிமுதல் முடிவரை நோக்கியருளினார். வினாவி நின்ற அந்நிலையே ஆணவத்தின் வடிவம் என்பது அந்நோக்கின் குறிப்பு. ஆகமமனைத்தும் உணர்த்தியும் புலப்படாத பொருள் அக்கணமே புலப்பட்டது. வயதாலும் கல்வியாலும் மூத்த பண்டிதர், தம் குலமாணாக்கர் மகனாகிய அக்குழந்தையின் திருவடியில் வீழ்ந்து வணங்கினார். அருணந்தி என்னும் தீக்கைத் திருநாமம் அவர்க்கு வாய்த்தது.

தம் குற்றத்தைக் கண்டவன் நம்பிக்கை இழத்தல் உலகியல்பு. அருணந்தியார்க்கோ அக்காட்சியே நம்பிக்கைக்கு வித்தாயிற்று. செம்பிற் களிம்பு செம்போடு உடன் தோன்றியதாயினும் செம்பின் இயல்பன்று. இரசகுளிகை பட்டவுடன் அது நீங்கும். அவ்வாறே ஆணவமும் உயிரோடு அநாதியே கூடியதாயினும் உயிரின் இயல்பன்று. பரிபாகமெய்திய காலத்துத் திருவருளால் அதன் சத்தி தேயும். இறைவன் குருவாய் எழுந்தருளி அதனைத் தேய்ப்பான். பயின்றறிந்த இவ்வுண்மை அன்று அவர்க்கு அநுபவமாயிற்று.

அவ்வநுபவத்தின் பயனாக மலங்களின் குணங்களையும், அவை நீங்கும் நெறியையும் தம் குருநாதரை வினவும் முறையில் அவர் இருபா இருபஃது இயற்றினார். வெண்பாவும் அகவலும் மாறி மாறி வரும் 20 பாக்களையுடையது அந்நூல். சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் விரித்துச் சிவஞான சித்தியார் அருளினார். அதன் பரபக்கம் புறச்சமயங்களை ஆராய்வது. 328 விருத்தங்களையுடைய சுபக்கம் சித்தாந்தத்தை நிறுவுவது. தாம் பெற்ற ஞானத்தை மறைஞான சம்பந்தர்க்கு அருளினார்.

மகவில்லாத அன்பர்க்குத் திருமுறையால் நம்பிக்கையளித்தார். அம்மகவாலேயே தாமும் தெளிவு பெற்றார். திருமுறை அருளிய பேற்றின் முழுமை அது. கோபுர தரிசனஞ் செய்து உள்ளே புகுவோர் பலிபீடத்தின் முன் வீழ்ந்து வணங்குவது ஆணவத்தை அங்கே பலியிடும் குறிப்பாகும். திருக்கோயிற் பணிக்குப் பொருளுதவி, கும்பாபிடேகங் காணும் அன்பர்கள் அவ்விடத்தே அருணந்தியாரை நினைப்பார்களாக. திருப்பணியை நாம் செய்தோம் என்னும் எண்ணம் எழுமாயின் அதனையும் அப்பீடத்திலேயே இட்டு, செய்வித்தது திருவருளே எனத் தெளிவார்களாக. புரட்டாசிப் பூரத்தன்று அவர்தம் குருபூசையைப் போற்றி, சித்தியாரை ஆசிரியர் வாயிலாகக் கேட்டு உய்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.