லாரன்ஸ் ஹாமண்ட்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையின் களஞ்சியக் கூடத்தில் நாம் கூவினால், குரல் ஓய்ந்த பின்னும் முழக்கம் நிற்கும். அத்தகைய முழக்கத்தைச் சிறு வீட்டிற்குள் கொணர்ந்தவர் லாரன்ஸ் ஹாமண்ட் என்பார்.

இவர் 1895-ம் வருஷம் அமெரிக்காவில் எவன்ஸ்டன் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். கார்னெல் சர்வகலாசாலையில் இயந்திரக் கல்வி கற்று 1916-ல் தேறினார். சுருள்வில்லால் ஓடும் கடிகாரத்தின் ஓசையை அடக்கிப் பொருள் ஈட்டினார். 1935-ல் மின்சார ஆர்கனை வெளியிட்டார். ஆயினும் தாம் அதனை வாசிக்க அறியார்.

பெரிய ஆலயத்தில் கம்பீரமாய் ஒலித்த அவ்வாத்தியம் சிறிய அறையில் வறண்டு ஒலித்தது. டெலிபோன் ஒலியின் தாமதத்தை ஆராயப் பெல் ஆராய்ச்சிச்சாலையார் அமைத்திருந்த சுருள்வில்லை ஹாமண்ட் ஆர்கனில் பொருத்தினார். நாதம் அதிர்வாய் அதனுட் புகுந்து, முனைக்கு முனை மோதித் திரும்பி, மெல்ல ஓய்ந்தது.

1973-ல் அவர் காலஞ்சென்றார். சுருள்வில்லில் தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் வெவ்வேறு வேகத்திற் செல்வதால், நீர்த்துளி சொட்டுவது போன்றதோர் ஓசை எழும். இன்று கணினி நிரல் எழுதுவோர் அக்குறையையும் விடாது எண்களால் அமைக்கின்றனர்.

வாசிக்க அறியாதவரும் செவி கூர்ந்து கேட்பின் சங்கீதத்திற்குத் தொண்டாற்றலாம் என்பதை நாம் அவர்பால் கற்கின்றோம்.