குருதிக்குச் சாதியில்லை: டாக்டர் சார்லஸ் ட்ரூ வாழ்க்கை வரலாறு

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழ்பவர்கள் நாம். 1988-ஆம் ஆண்டில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, பேறுகாலத்தில் இரத்தப்போக்கு மிகுந்த தாயை அக்கரை கொண்டு செல்ல இரயிலையோ படகையோ எதிர்பார்த்துத் தங்கச்சிமடத்தில் காத்திருந்தோம். உரிய நேரத்தில் கிடைக்கும் குருதியின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மகப்பேற்றில் மட்டுமன்று, விபத்து, பெரிய அறுவை சிகிச்சை, கடுமையான இரத்தசோகை, இரத்தப் புற்றுநோய், தாலசீமியா முதலிய நிலைகளிலும் பிறர் குருதியே உயிர் காக்கும். தீக்காயம் மிகுந்தவர்க்குக் குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவும் தேவைப்படலாம். இவ்வாறு தேவைப்படும் குருதியைச் சேமித்து, தொலைதூரம் அனுப்பும் முறையைச் செம்மைப்படுத்திய பெருமக்களுள் முதன்மையானவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. அவர் அமெரிக்காவில் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களிடையே தோன்றியவர். ஆகவே அவர் வரலாறு நம் இளைஞர்க்குப் பாடமாகும்.

1904-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் சார்லஸ் பிறந்தார். தந்தையார் தரைவிரிப்பு பதிக்கும் தொழிலாளி. தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். 1920-இல் தங்கை எல்சி நோய்க்கு இரையானது அவர் உள்ளத்தை வருத்தியது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஓட்டத்திலும் கால்பந்திலும் புகழ் ஈட்டி, 1926-இல் பட்டம் பெற்றார். ஆயினும் மருத்துவம் பயிலக் கையில் பொருளில்லை. ஈராண்டுகள் ஒரு கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் ஆசிரியராகவும் உழைத்துப் பொருள் சேர்த்தார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்க்கு இடம் அரிதாயிருந்த காலம் அது. எனவே கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகம் சென்று 1933-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குருதிச் சேமிப்பை ஆராய்ந்தார். நம் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றதும் அப்பல்கலைக்கழகத்தில்தான். அக்காலத்தில் முழுக் குருதியைச் சில நாட்களே கெடாமல் வைக்க முடிந்தது. அணுக்களைப் பிரித்து நீக்கிய பிளாஸ்மாவோ நெடுநாள் கெடாமல் நிற்கும். குருதியை எடுக்கும் முறை, கிருமி புகாமல் காக்கும் முறை, அனுப்பும் முறை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி ஆய்வேடு வழங்கினார். 1940-இல் அங்கு மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

அவ்வாண்டு ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் மீது குண்டு பொழிந்தன. காயமுற்றோர்க்கு அமெரிக்காவிலிருந்து பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தின் மருத்துவப் பொறுப்பை ட்ரூ ஏற்றார். ஏறத்தாழ 14,500 பேர் குருதி ஈந்தனர். 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மா கடல் கடந்து சென்றது. 1941-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் குருதி வங்கித் திட்டத்தைத் தொடங்கி வைக்கும் பணியும் அவரிடம் வந்தது.

ஆனால் கொடுமையைக் கேளுங்கள்! அத்திட்டத்தில் கறுப்பினத்தவரின் குருதி முதலில் ஏற்கப்படவில்லை. 1942-இல் ஏற்றபோதும், வெள்ளையர் குருதியோடு கலவாமல் தனியே வைத்தனர். திட்டத்திற்கு வழிகோலியவரின் குருதியே தீண்டத்தகாததாயிற்று! இதற்கு எவ்வித அறிவியல் அடிப்படையும் இல்லை என ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட குருதி வகைகள் எல்லா இனத்தாரிடமும் உள்ளன. வகை பொருந்துகிறதா என்பதே கேள்வி. கொடுத்தவர் எத்தெருவினர் என்பதன்று. 1950-இல்தான் செஞ்சிலுவைச் சங்கம் இனப் பாகுபாட்டைக் கைவிட்டது.

1941 முதல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவத் துறைத் தலைவராக இருந்து, கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்த அறுவை மருத்துவர்களாக ஆக்கினார். புகழை விட, தமக்குப் பின் பலர் வர வேண்டும் என்பதே அவர் கருத்து.

1950 ஏப்ரல் 1-ஆம் நாள், மருத்துவ முகாமொன்றிற்குச் செல்லும் வழியில் வட கரோலினாவில் கார் விபத்துக்குள்ளாகி, 45-ஆம் வயதில் மறைந்தார். கறுப்பர் என்பதால் அவருக்குக் குருதி தர மறுத்தனர் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அது உண்மையன்று. வெள்ளை மருத்துவர்கள் முயன்றும் காயம் கடுமையாயிருந்ததால் காக்க இயலவில்லை. உடன் பயணம் செய்த கறுப்பின மருத்துவரும் இதனை உரைத்துள்ளார். உரிமைக்காகப் போராடுவோர்க்கு உண்மையே போதிய படைக்கலம். கட்டுக்கதையின் துணை வேண்டியதில்லை.

இளைஞர்களே! நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இரு கடமைகளை நினையுங்கள். ஒன்று, வறுமையும் புறக்கணிப்பும் வந்தாலும் கல்வியைக் கைவிடாமை. மற்றொன்று, குருதிக்கொடை. 18 முதல் 65 வயது வரை உடையோர், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் உடல் நலமும் இருப்பின், மருத்துவர் ஒப்புதலுடன் குருதி ஈயலாம். ஆடவர் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண்டிர் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். நம் நிழல் படவும் பொறுக்காதவர் வீட்டுப் பிள்ளை நாளை நம் குருதியால் பிழைக்கக்கூடும். அப்போதும் மனமுவந்து கொடுப்போம். அதுவே ட்ரூவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.